மருமகனின் ரிங்டோன்

தெல்மா நுங்கராயிக்குக் காது கூர்மை. பாலைவன ஊரான யிரின்டியில் யாருடைய போன் அடித்தாலும் திரும்பிப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடுவாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? அந்த ஊரில் இருந்த இருநூற்றுச் சொச்சம் போன்களுக்கும் ரிங்டோன் வெட்டிக் கொடுத்ததே அவள்தான்.

ஊர் ரேடியோ அறையில் அவளுக்கு வேலை. காலை பத்து மணிக்குப் பாட்டுப் போட வேண்டும், யாருக்குப் பிறந்தநாள், எந்த ரோடு வெள்ளத்தில் போய்விட்டது என்று சொல்ல வேண்டும். மதியத்துக்கு மேல் வேலை கிடையாது. அறைக் கம்ப்யூட்டரில் ஒன்பதாயிரம் பாட்டு கிடந்தது. கிழவர்களுக்குப் பிடித்த குதிரைக்காரப் பாட்டு, கிழவிகள் தங்கள் மொழியில் பாடிய ஜெபப் பாட்டு, பாலைவனத்துப் பையன்கள் கிதாரைத் தூக்கிக்கொண்டு பாடிய ரெகே, எல்லாம். ஊரில் போன் டவர் நட்ட வருடம் ஆலிஸ் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்து மூன்று நாள் வெட்டுவதற்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். நாலாம் நாளே தெல்மா அவளைத் தாண்டிவிட்டாள்.

"பாட்டு தொடங்குற எடத்துல போன் தொடங்கக் கூடாது" என்பாள். "பாடுறவன் மூச்சு இழுக்குறான் பாரு, அங்க வெட்டணும். அப்பத்தான் பைக்குள்ள கெடந்தாலும் ஆளு எழுப்புறாப்புல இருக்கும்."

போன் அடித்து ஓய இருபத்தைந்து விநாடி ஆகும். அதற்குள் ஒரு வரி முழுசாக முடிய வேண்டும், பாதிச் சொல்லில் அறுபடக் கூடாது. புழுதிக் காற்றிலும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்ட வேண்டும், ஆனால் கரகரக்கக் கூடாது. இதற்காக ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருப்பாள். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை. யாராவது கங்காரு வால் சுட்டால் ஒரு துண்டு வந்து சேரும். கிழவர் ஜக்கமாரா ஒருமுறை வந்து, தன் நாய் குரைப்பதையே ரிங்டோனாக வை என்று அடம் பிடித்தார்.

"வேணாம் பெரியவரே, வம்பு" என்றாள்.

"என் நாய், என் போன். உனக்கு என்ன வம்பு?"

வைத்துக் கொடுத்தாள். மறுநாள் கடைக்குள் அவர் போன் அடித்ததும் ஊர் நாய்கள் மொத்தமும் உள்ளே பாய்ந்துவிட்டன. ரொட்டி அலமாரி சாய்ந்தது. கிழவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கதையை ரேடியோவில் ஒரு வாரம் சொன்னாள் தெல்மா.

ஆனால் ஊரில் முக்கால்வாசிப் பேர் வந்து கேட்டது ஒரே குரலைத்தான். அவள் மகனுடைய குரலை. நாலு பையன்களைச் சேர்த்துக்கொண்டு ரேடியோ அறையிலேயே பாடிப் பதிவு செய்தவன். பக்கத்து ஊர் விளையாட்டு விழாக்களிலெல்லாம் அவன்தான் கடைசிப் பாட்டு. தெல்மா ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவன் பாட்டில் ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு வரி இரண்டு வீட்டுக்குப் போகாது. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் தெரியும்.

இதில் மருமகன் விஷயம் தனி. மகள் ரெனீயைக் கட்டியவன் செட்ரிக் ஜப்பங்கார்டி. மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பெயரைச் சொல்லிக் குறிப்பிடக்கூடக் கூடாது. அவன் நடக்கும் பாதையில் அவள் நிற்கக் கூடாது. அது பகையில்லை. அதைவிடப் பெரிய மரியாதை அந்த மண்ணில் கிடையாது. அவன் வேட்டையாடினால் நல்ல துண்டு மாமியாருக்குப் போகும், மகள் கையால். அவள் அவனுக்குப் போர்வை வாங்கி அனுப்புவாள், அதுவும் மகள் கையால். பதினோரு வருடத்தில் அவள் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறாள்.

ஆனால் ஊரில் ஒரே கடை, ஒரே ஆபீஸ், ஒரே தெரு. செட்ரிக்குக்கோ குப்பை டிராக்டர் ஓட்டும் வேலை. எங்கே திரும்பினாலும் அவன்தான். ஒருமுறை அவன் கடைக்குள் வந்துவிட்டான் என்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் அரை மணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தாள் தெல்மா. கையில் இருந்த ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிந்தது.

"அவனுக்கு ஒரு மணி கட்டிவிட்டா என்னம்மா?" என்று சிரித்தாள் ரெனீ. "மாட்டுக்குக் கட்டுறாப்புல."

விளையாட்டாகச் சொன்னதுதான். தெல்மா பிடித்துக்கொண்டாள். குப்பைத் தொட்டி நிரம்பினாலும் சாக்கடை அடைத்தாலும் ஊர் செட்ரிக்குக்குத்தான் போன் போடும். நாளெல்லாம் அவன் போன் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஊரில் யாரிடமும் இல்லாத சத்தம் ஒன்று வேண்டும். தேடிப் பார்த்தாள். மகன் பாட்டுப் பதிவு ஒன்றின் தலையில், சுத்தம் பண்ணும்போது அவள் நறுக்கி எறிந்த துண்டு ஒன்று கிடந்தது. மைக்குக்கு முன்னால் நின்று அவன் அவளைக் கிண்டல் பண்ணிய பதினோரு விநாடி.

"ஏ அம்மா! பட்டனை அமுக்கினியா, இல்ல தூங்கிட்டியா?" என்ற கேள்வி, கூடவே அவன் சிரிப்பு.

அதைச் செட்ரிக்கின் போனுக்கு அனுப்பினாள். அன்று முதல் மருமகன் தெருமுனையில் வரும்போதே மகனின் குரல் 'ஏ அம்மா' என்று கூப்பிடும். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விடுவாள். ஊரே சிரித்தது. மகன்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான். வேண்டுமென்றே செட்ரிக்குக்குப் போன் போட்டுவிட்டு, அம்மா ஓடுவதை ரேடியோ அறை ஜன்னலில் நின்று பார்ப்பான்.

சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று மகனின் இதயத்தில் தங்கியிருந்தது. ஒருமுறை நெஞ்சைத் திறந்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். இருபத்தொன்பது வயது. நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி விமானம் ஊர் ஓடுதளத்தில் இறங்குவதற்குள் போய்விட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை யிரின்டியில் யாரும் வாயால் சொல்வதில்லை. ஒருவர் இறந்தால் அவர் பெயரும் படமும் குரலும் அவரோடு போய்விட வேண்டும். கூப்பிட்டால் திரும்பி நிற்பார், போக வேண்டிய இடத்துக்குப் போக மாட்டார். இருப்பவர்களுக்கும் ஆறாது. அன்று மதியம் சாவுச் செய்தி வீடுவீடாகப் போனில்தான் போயிற்று. செய்தியைச் சொல்ல அடித்த ஒவ்வொரு போனும் அவன் குரலிலேயே பாடியது. எடுப்பதற்கு முன் பாட்டு, எடுத்ததும் ஓலம். இந்த வீட்டில் ஒரு வரி, அடுத்த வீட்டில் அடுத்த வரி. போனை வாளித் தண்ணீரில் போட்டார்கள், மணலில் புதைத்தார்கள், கல்லால் அடித்தார்கள். தெல்மா மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டாள். பாடுகிறவன் மூச்சு இழுக்கும் இடத்தில் அவள் வெட்டிய வெட்டு அத்தனையும் சரியாக இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் குமன்ஜாயி. பெயர் சொல்ல முடியாதவர்களுக்கெல்லாம் அதுதான் பெயர். அவன் பெயரையே வைத்திருந்த பள்ளிக்கூட டிரைவரும் குமன்ஜாயி ஆனான், ஒரு கைக்குழந்தையும் ஆனது. அவன் வீட்டைப் பூட்டிப் புகை போட்டார்கள். தெல்மா தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டாள். நெற்றியில் வெள்ளை மண் பூசி, மருமகளோடும் மற்ற பெண்களோடும் ஓடைக்கு அக்கரையில் துக்க முகாமுக்குப் போனாள். பெற்றவளும் கட்டியவளும் பேசக் கூடாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, தாய்மாமன் வாயைத் திறந்துவிடும் வரை கைப்பேச்சு மட்டும்தான். தாய்மாமன் தெல்மாவின் அண்ணன் ரெக்ஸ் ஜுங்கராயி. ஒரே குலத்தில் பெண் நுங்கராயி, ஆண் ஜுங்கராயி. இழவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

ரேடியோ அறைக் கம்ப்யூட்டரில் இருந்த அவன் பாட்டுகளையெல்லாம் டிஸ்க்கில் ஏற்றி எடுத்து, ஒரு பெட்டியில் போட்டு ரெக்ஸ் பூட்டினார். "நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது" என்றார். எத்தனை வருடமோ. அப்புறம் தங்கையைப் பார்க்க வந்தார். இரண்டு மாவு மூட்டை நிறைய போன்களைக் கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

"நீ வெச்சது, தங்கச்சி. நீதான் எடுக்கணும். எங்களுக்கு எதுல எது இருக்குன்னு தெரியல."

சிலர் அம்மா கூப்பிட்டால் ஒரு வரி, மச்சான் கூப்பிட்டால் வேறு வரி என்று பிரித்து வைத்திருந்தார்கள். அத்தனையும் அவள் மனப்பாடம். சத்தத்தை அமுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து அழித்தாள். மூன்று நாள் ஆயிற்று. அழித்த இடத்தில் போன் கம்பெனிக்காரன் வைத்த பழைய 'ட்ரிங் ட்ரிங்'கை வைத்தாள். அதன் பிறகு கடையில் ஒரு போன் அடித்தால் பதினாலு பேர் சட்டைப் பையைத் தடவினார்கள். முன்பு என்றால் அதற்கு ஒரு சிரிப்பு எழுந்திருக்கும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மூட்டை காலியானது. செட்ரிக்கின் போன் அதில் இல்லை.

அவனால் முகாம் பக்கமே வர முடியாது. ஆனால் ரெனீயிடம் கொடுத்தனுப்பியிருக்கலாம். நாளைக்கு வரும் என்று நினைத்தாள் தெல்மா. மறுநாளும் வரவில்லை. ரெனீ சோறும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை அசைத்து ஒரு கேள்வி கேட்டால் போதும், மகள் ஓடிப்போய் எடுத்து வந்துவிடுவாள். தெல்மா கையை அசைக்கவில்லை. அந்தப் போனில் இருந்த துண்டு ரெக்ஸ் பூட்டிய பெட்டிக்குள் இல்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் நிரம்பிவிட்டது என்று போன வருடம் நறுக்கி எறிந்த கழிவையெல்லாம் அவளே அழித்தாள். அந்தப் பதினோரு விநாடி உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. பெட்டியில் இருப்பதெல்லாம் ஊருக்குப் பாடியது. அவளைக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

தெல்மாவின் படுக்கை முகாமின் கடைக்கோடியில், மற்ற பெண்களை விட்டுத் தள்ளி, ஓடையை ஒட்டி இருந்தது. ஐந்தாம் நாள் பொழுது சாயும்போது ஓடைக்கு அந்தப் பக்கம் குப்பை டிராக்டர் சத்தம் கேட்டது. மல்கா மரங்களுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வந்து நின்றது. இன்ஜின் அணைந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, தூரத்தில், ஆழத்திலிருந்து வருவதுபோல, 'ஏ அம்மா' என்றது.

தெல்மா போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். இரண்டு தடவை முழுசாக அடித்து ஓய்ந்தது. இன்ஜின் மறுபடி கிளம்பிப் போயிற்று. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. பிள்ளையைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறோம் என்று இரவெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டாள். மறுநாள் மதியத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தினமும் வந்தது. தற்செயல் என்றுதான் முதலில் நினைத்தாள், யாரோ குப்பைக்குக் கூப்பிடுகிறார்கள், அவன் எடுக்காமல் இருக்கிறான் என்று. ரெனீ அந்த நேரத்தில் எப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவள் பாவாடைப் பைக்குள் சின்னதாக வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சம் அணைந்தபோது மரங்களுக்குப் பின்னால் குரலும் நின்றது. தெல்மா மகளின் முகத்தைப் பார்த்தாள். ரெனீ திரும்பவில்லை. அவள் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கங்காருத் தொடையும் போர்வையும் கைமாறிய அதே வழியில் இதுவும் வந்துகொண்டிருந்தது. நன்றி சொல்ல முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. எப்படி இவ்வளவு தூரம் கேட்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரியவில்லை. சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் அந்தச் சின்னப் போனுக்கு இந்தத் தெம்பு கிடையாது. அதுவும் பிறகு தெரிந்தது. வண்டியில் கிடந்த காலி டிரம்முக்குள் செட்ரிக் போனை வைத்து, டிரம்மின் வாயை முகாம் பக்கம் திருப்பி வைத்திருந்தான். அவனும் எட்டிப் போய் மணலில் முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வான். பகலெல்லாம் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்து, இங்கே வந்துதான் சத்தத்தைத் திறப்பான்.

இப்படி ஏழு மாதம்.

அந்த மண்ணில் ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் மகனின் அப்பா வழி உறவுகள் மேற்கிலிருந்து நாலு வண்டியில் வந்து சேர்ந்தார்கள். துக்கத்தில் ஒரு பகுதியை முடித்து வைக்க வேண்டும், தெல்மாவின் வாயைத் திறப்பது பற்றியும் பேச வேண்டும். வந்தவர்களுக்கு யாரோ ஓடையோரத்தில், மல்கா மரங்களுக்கு அந்தப் பக்கம் இடம் காட்டிவிட்டார்கள். செட்ரிக் அன்று கிணற்று மோட்டார் வேலையாக வெளியே போய், பொழுது சாயத்தான் திரும்பினான். யாரும் அவனிடம் சொல்லவில்லை, ரெனீக்கும் தெரியாது. வழக்கமான இடத்தில் இன்ஜினை அணைத்தான்.

டிரம்முக்குள்ளிருந்து, இறந்தவனின் அத்தைமார் நடுவில் எழுந்தது அந்தக் குரல்.

முகாமில் இருந்த தெல்மாவுக்கு முதலில் குரல் கேட்டது, அதன் மேலேயே அலறல் கேட்டது. ஏழு மாதத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை திரும்பி வந்ததுபோல இருந்தது. வயதான நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு மணலில் புரண்டாள் என்று பிறகு சொன்னார்கள். ஆண்கள் கம்பை எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் ஓடினார்கள். ரெனீ பாவாடைப் பைக்குள் கையை விட்டு அமுக்கினாள், அமுக்கினாள், அணையவே இல்லை அது.

காலையில் கூடைப்பந்து மைதானத்தில் ஊர் கூடியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். செட்ரிக் இருக்கிற இடத்தில் தெல்மா இருக்கக் கூடாது. ஆனாலும் அண்ணன் கூப்பிட்டு அனுப்பியதால் வந்தாள். எல்லாருக்கும் பின்னால், முதுகைத் திருப்பி, போர்வையால் தலையை மூடி உட்கார்ந்தாள்.

மேற்கிலிருந்து வந்த பெரியவர் எழுந்தார். "யாரு போன் அது?"

"என்னுது" என்றான் செட்ரிக். தரையைப் பார்த்துத்தான் பேசினான்.

"எல்லார் போன்லயும் எடுத்தாச்சுன்னாங்களே?"

"மறந்துட்டேன். எனக்கு மாத்தத் தெரியல."

"மறந்து போன போன் டிரம்முக்குள்ள எப்படிப் போச்சு? தானா ஏறிக் குதிச்சுதா?"

செட்ரிக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான்.

"நாங்க அழுது ஆத்திக்கிட்டு வர்றோம், இவன் டிராக்டர்ல வெச்சு வேடிக்கை காட்டுறான்!" என்றார் பெரியவர். "ரெக்ஸ், உன்னை மதிச்சு அடிக்காம விட்டோம். இவன் இந்த ஊர்ல இருக்கக் கூடாது. தன் அப்பன் ஊருக்கே போகட்டும். பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

ரெக்ஸ் வெகுநேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். "ஏன்டா பண்ணின?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

"மறந்துட்டேன்" என்றான் செட்ரிக் மறுபடியும்.

அவன் வேறு எதுவும் சொல்ல மாட்டான் என்பது தெல்மாவுக்குத் தெரிந்தது. சொன்னால் மாமியாரைச் சொல்ல வேண்டும். அடித்துப் போட்டாலும் அவன் வாயில் அது வராது. அறுநூறு கிலோமீட்டர் தாண்டிப் போய்விடுவான். ரெனீயும் போய்விடுவாள், பேரப் பிள்ளைகள் இரண்டும் போய்விடும். மகன் போய் ஏழு மாதத்தில் மகளும் போவாள்.

அவள் எழுந்து நின்றாள். முதுகைத் திருப்பியபடியே, போர்வைக்கு வெளியே இரண்டு கைகளை மட்டும் உயர நீட்டினாள். மைதானம் அடங்கியது. தங்கை கையை அண்ணன் படித்துச் சொன்னார்.

"'மணி வெட்டினது நான்.'"

கைகள் நின்று, மறுபடி அசைந்தன.

"'எடுக்காம விட்டதும் நான். எனக்குத் தெரியும். தெனமும் தெரியும்.'"

கைகள் கடைசியாக ஒன்று சொன்னதும் ரெக்ஸால் அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லவும் தேவையில்லை. கைப்பேச்சு தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது என்றன அந்தக் கைகள்.

பெண்கள் பக்கமிருந்து நாத்தனார் எழுந்து வந்தாள். இரவெல்லாம் அழுது அவள் குரல் போயிருந்தது.

"உனக்கு மட்டுமா பிள்ளை?" என்றாள். "எனக்குக் கேக்கணும்னு இல்லையா? அவன் பொண்டாட்டி வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளுக்கு இல்லையா? எல்லாரும் காதைப் பொத்திக்கிட்டோம், நீ மட்டும் தெறந்து வெச்சுக்கிட்டியா?"

நாத்தனார் சொன்னது அத்தனையும் நியாயம். தெல்மாவை அடிப்பாள் என்று எல்லாரும் பார்த்தார்கள். அடிக்கவில்லை. போர்வையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். இரண்டு பேரும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரெக்ஸ் தீர்ப்புச் சொன்னார். செட்ரிக் ஊரில் இருக்கலாம். இனி டிராக்டர் ஓடைப் பக்கம் போகக் கூடாது, ஓடுதளத்து வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் குளிர்காலத்தோடு திறக்க இருந்த தெல்மாவின் வாய் இன்னும் ஒரு வருடம் மூடியிருக்கும். போன் இப்போதே, இங்கேயே சுத்தமாக வேண்டும்.

செட்ரிக் போனை ரெனீயிடம் கொடுத்தான். ரெனீ மாமனிடம் கொடுத்தாள். ரெக்ஸ் குனிந்து தங்கையின் மடியில் வைத்தார்.

"அழி, தங்கச்சி."

டிரம்மில் உரசி உரசி அதன் மூலை தேய்ந்திருந்தது. தெல்மா திறந்தாள். பட்டியலில் அது ஒன்றுதான் இருந்தது. கேட்கும் பொத்தானும் அழிக்கும் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அழிக்கும் பொத்தானை அமுக்கினாள். நிச்சயமாகவா என்று போன் கேட்டது. இரண்டு மூட்டை போன்களும் ஒவ்வொரு தடவையும் கேட்ட கேள்விதான், அப்போதெல்லாம் கட்டைவிரல் தானாகப் போயிருந்தது. இந்தத் தடவை நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அமுக்கினாள். பட்டியல் காலியானது.

டிராக்டர் ஓடுதளத்து வழிக்கு மாறியது. சாயங்காலங்கள் சும்மா வந்து சும்மா போயின. அடுத்த வருடக் குளிரில் ரெக்ஸ் அவள் வாயைத் திறந்துவிட்டார். பேசினாள், ரேடியோ அறைக்குக்கூடப் போனாள். பிறந்தநாள் சொன்னாள், ரோடு நிலவரம் சொன்னாள். பிள்ளைகள் போனை நீட்டிக்கொண்டு வந்தால், "எல்லாம் மறந்துபோச்சு, நீங்களே வெட்டிக்கோங்க" என்று அனுப்பிவிடுவாள். பொய்தான். ஜக்கமாராவின் நாய் எத்தனை தடவை குரைத்தது என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

மறந்தது ஒன்றே ஒன்று. எப்போது மறந்தாள் என்று தெரியவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவும்போது மனதுக்குள் அதை ஓட்டிப் பார்த்தாள், தினமும் ஓட்டிப் பார்ப்பதுபோல. சிரிப்பு முன்னால் வந்ததா, 'ஏ அம்மா' முன்னால் வந்ததா? சிரித்துவிட்டுக் கூப்பிட்டானா, கூப்பிட்டுவிட்டுச் சிரித்தானா? இரண்டு விதமாகவும் ஓட்டினாள். இரண்டும் சரியாக இருந்தது, இரண்டும் அவன் மாதிரி இல்லை. விநாடியில் பத்தில் ஒரு பங்குவரை அளந்து வெட்டியவள் அவள். கை ஈரத்தோடு அப்படியே நின்றாள்.

ரெனீயிடம் கேட்கலாம் என்று வாயைத் திறந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் டீ வேண்டும் என்று மாற்றிக் கேட்டாள். ரெனீ அந்தச் சாயங்காலங்களிலெல்லாம் அழுதுகொண்டிருந்தாளே தவிரக் கேட்டுக்கொண்டிருந்தாளா என்ன? கேட்டவன் ஒருவன் இருக்கிறான். முதலில் நாளெல்லாம் தன் சட்டைப் பையிலும், பிறகு ஏழு மாதம் டிரம்முக்கு எட்டி மணலில் உட்கார்ந்தும் ஆயிரம் தடவை கேட்டவன். அவனுக்கு நிச்சயம் தெரியும். தெருமுனையில் டிராக்டர் திரும்புகிற சத்தம் கேட்டது. தெல்மா பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.